பர்மாவின் உள்நாட்டுப் போர் எப்போது தொடங்கியது, எந்தச் சண்டைகள் அதைத் திருப்பின?

தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பர்மாவில் 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதானே உள்நாட்டுப் போர் வந்தது? அதில் முக்கியமான சண்டைகள் எவை? எங்கள் கொள்ளுத்தாத்தா குடும்பம் ரங்கூனை விட்டு வந்தது இந்தப் போரினால்தானா?"

நான் பிறந்ததும் இருப்பதும் பர்மாவில்தான். எந்த ஊர் என்று எழுதாமல் விடுகிறேன், காரணம் உங்களுக்கே புரியும்.

முதலில் கடைசிக் கேள்வியை முடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "நடந்து வந்தோம்" என்று சொல்லியிருந்தால் அது 1942, ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம். "கப்பலில் வந்தோம்" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் 1964-ம் அதை ஒட்டிய வருடங்களும். இரண்டுமே நேரடியாக உள்நாட்டுப் போரினால் வந்தவை அல்ல. ஆனால் 1964-க்கு உள்நாட்டுப் போர்தான் தாய். அது எப்படி என்று வரிசையில் வரும்போது சொல்கிறேன்.

போர் தொடங்கியது 1948-ல். ஜனவரி 4 விடியற்காலையில் சுதந்திரம். மூன்று மாதம்கூட முழுதாக முடியவில்லை, மார்ச் கடைசியில் தக்கின் தான் துன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நாட்டில் ஏதாவது ஒரு மூலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்காத வருடம் கிடையாது.

இத்தனை படைகள், இத்தனை எழுத்துச் சுருக்கங்கள் என்று தலை சுற்றும். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். சமவெளியில் இருக்கும் பர்மாக்காரர்களும், மலையிலும் எல்லையிலும் இருக்கும் கரேன், கச்சின், ஷான், சின், அரக்கான் மக்களும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் நின்று ராணுவத்தை எதிர்த்தார்களா, தனித்தனியாக எதிர்த்தார்களா? ஒவ்வொரு திருப்புமுனையிலும் நான் பார்ப்பது இதைத்தான். தனித்தனியாக நின்றபோதெல்லாம் ராணுவம் பிழைத்துக்கொண்டது.

1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலையில் உள்ள பாங்லோங் என்ற சிற்றூரில் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் ஒப்பந்தம் போட்டார். உங்கள் பகுதியில் நிர்வாகம் உங்கள் கையில், சேர்ந்து சுதந்திரம் வாங்குவோம் என்பது அதன் சாரம். அந்த வருடத்து அரசியல் சட்டத்தில் ஷான், கரேன்னி மாநிலங்களுக்குப் பத்து ஆண்டுக்குப் பிறகு விரும்பினால் பிரிந்துபோகும் உரிமையும் எழுதப்பட்டது. கரேன் மக்கள் பாங்லோங்கில் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்றவர்கள் அவர்கள், தனி நாடு கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள். அதுதான் முதல் ஓட்டை.

இரண்டாவது அடி அதே ஆண்டு ஜூலை 19. ரங்கூன் செயலகத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆங் சானையும் அமைச்சர்களையும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் ஊ ரசாக். தந்தை இந்திய முஸ்லிம், தாய் பர்மியப் பௌத்தர், மாண்டலேயில் தேசியப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு ஜூலை 19-லும் தியாகிகள் நாளில் அவர் பெயரும் சேர்த்துத்தான் வாசிக்கப்படுகிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன். ஆங் சான் கொடுத்த வாக்கை மலைமக்கள் நம்பியது ஆங் சான் என்ற ஆளை நம்பித்தான். ஆள் போனதும் காகிதம் மட்டும் மிஞ்சியது.

சரி, சண்டைக்கு வருவோம். என்னைக் கேட்டால் பர்மாவின் உள்நாட்டுப் போரில் எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரே சண்டை இன்சேன்தான். ரங்கூனிலிருந்து சுமார் ஒன்பது மைல். இன்று உலகத்துக்கு அது சிறைச்சாலைக்குப் பெயர் போன இடம், எங்கள் குடும்பத்துக்கு அது ரயில்வே பட்டறை.

1948 கடைசியில் கம்யூனிஸ்டுகள் ஒரு பக்கம், ஆங் சானின் பழைய தொண்டர் படையில் ஒரு பிரிவு இன்னொரு பக்கம், ராணுவத்துக்குள்ளேயே கலகம் செய்த பட்டாலியன்கள் வேறு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தெற்கே மெர்குயி பக்கம் பலாவ் என்ற இடத்தில் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த கரேன் மக்களை அரசின் துணைப்படையினர் கொன்றார்கள். ஏறக்குறைய எண்பது உயிர். அதற்குப் பிறகு கரேன் தலைவர்களால் தங்கள் இளைஞர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. 1949 ஜனவரி 31 அன்று இன்சேன் கரேன் படையின் கைக்குப் போனது. மறுநாளே ராணுவத் தளபதி ஸ்மித் டன் நீக்கப்பட்டார், அவர் கரேன் என்பதுதான் காரணம். அவர் இடத்துக்கு வந்தவர் நே வின். இந்த நியமனத்தின் விலையை நாங்கள் எல்லோரும் பின்னால் கொடுத்தோம்.

என் தாத்தா இன்சேன் பட்டறையில் ஃபிட்டர். அன்று இரவு அப்பத்தா மூன்று பிள்ளைகளையும் ஒரு அண்டாவையும் தூக்கிக்கொண்டு ரயில் பாதையோரமாகவே நடந்து ரங்கூன் வந்து சேர்ந்தார். நாலு மாதம் கோயில் மண்டபத்தில் படுக்கை. பகலில் பீரங்கிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பயப்படும், ராத்திரி சத்தம் கேட்காவிட்டால் பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்வார். மே மாதம் கரேன் படை பின்வாங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் லைன் வீட்டுக்குக் கதவு இல்லை, கூரைத் தகரம் பாதி இல்லை. அம்மிக்கல் இருந்தது, குழவியைக் காணோம். யார் எதற்கு எடுத்துப்போனார்களோ. அப்புறம் வேறொரு கல்லை வைத்தே கடைசிவரை அரைத்தார். ஒரு பக்கம் எப்போதும் தூக்கியே நிற்கும், மசாலா திப்பிதிப்பியாகத்தான் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த அம்மியைப் பார்த்துத்தான் இன்சேன் சண்டையைத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சண்டை 112 நாள் நடந்தது. மே 22-ல் முடிந்தது. நடுவில் மார்ச் மாதம் மாண்டலேயே கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. அதைப் பிடித்ததில் முக்கியமானவர் நவ் செங் என்ற கச்சின் அதிகாரி. கரேன்களை அடக்க அனுப்பப்பட்டவர், அவர்களோடே சேர்ந்துகொண்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பிரதமர் ஊ நூவின் அரசை "ரங்கூன் அரசு" என்று எழுதின, அதற்கு வெளியே ஆட்சி இல்லை என்ற பொருளில். பிறகு எப்படிப் பிழைத்தது? கரேன்களும் கம்யூனிஸ்டுகளும் சேரவில்லை. ஒருவர் தனி நாடு கேட்டார், இன்னொருவர் புரட்சி கேட்டார், சில இடங்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அரசுக்காக இன்சேனில் நின்றவர்களில் சின், கச்சின், கூர்க்கா சிப்பாய்கள் நிறைய. இந்தியா அனுப்பிய ஆயுதங்களும் கை கொடுத்தன. ஏப்ரலில் கரேன் தலைவர் சா பா ஊ ஜி பேச்சுவார்த்தைக்கு ரங்கூனுக்கே வந்தார், அது நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12-ல் எல்லைப் பக்கம் அவரைச் சுற்றி வளைத்துக் கொன்றார்கள். அந்த நாளை கரேன் மக்கள் இன்றும் நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள்.

இன்சேனில் ராணுவம் கற்றுக்கொண்ட பாடம் இன்னும் அதன் மண்டைக்குள் இருக்கிறது. நாங்கள் இல்லாவிட்டால் நாடே இருந்திருக்காது என்பதுதான் அந்தப் பாடம். 1962-லும் 1988-லும் ஆட்சியைப் பிடித்தபோது அவர்கள் சொன்ன நியாயம் இதுவே.

1950-களில் சீனாவில் தோற்ற சியாங் கை ஷேக்கின் படை ஷான் மலைக்குள் நுழைந்தது. பர்மா 1953-ல் ஐ.நா. சபை வரை போய் முறையிட்டது. அவர்களை விரட்ட என்று ஷான் பகுதிக்குள் போன ராணுவம் அங்கேயே தங்கிவிட்டது. 1958-ல் பிரிந்துபோகும் உரிமைக்கான பத்து ஆண்டு முடிந்தது. அதே ஆண்டில்தான் நே வின் முதல் தடவையாக "காபந்து அரசு" என்று ஆட்சியில் உட்கார்ந்தார். 1960-ல் பௌத்தத்தை அரசு மதம் ஆக்குவேன் என்று சொல்லி ஊ நூ தேர்தலில் ஜெயித்தார். பெரும்பாலும் கிறிஸ்தவர்களான கச்சின் மக்கள் அடுத்த பிப்ரவரியில் தங்கள் விடுதலைப் படையைத் தொடங்கிவிட்டார்கள். ஷான் தலைவர்கள் ஆயுதம் எடுக்காமல் ரங்கூனுக்கு வந்து கூட்டாட்சி கேட்டார்கள். அவர்கள் ஊருக்குள் இருந்தபோதே, 1962 மார்ச் 2 விடியற்காலையில் டாங்கிகள் வந்தன. நாட்டின் முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக்கின் வீட்டில் அன்று அவருடைய பதினேழு வயது மகன் சுடப்பட்டு இறந்தான். அவர் அந்த நவம்பரில் சிறையில் இறந்தார். நாடு துண்டாகாமல் காப்பாற்றவே வந்தோம் என்றது ராணுவம். இப்படித்தான் உள்நாட்டுப் போரின் வயிற்றிலிருந்து நே வின் ஆட்சி பிறந்தது.

உங்கள் கொள்ளுத்தாத்தா கதை இங்கேதான் சேர்கிறது. "பர்மிய வழி சோசலிசம்" என்று 1963-லேயே தொழில்களை அரசுடைமை ஆக்கத் தொடங்கினார்கள். 1964 மார்ச் 19 அன்று ரங்கூனில் கடைகள். இரண்டு சிப்பாய், ஒரு குமாஸ்தா வருவார்கள். சரக்கை எண்ணி நோட்டில் எழுதுவார்கள், சாவியை வாங்கிக்கொள்வார்கள். என் தாய்மாமன் கடையில் எண்ணி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, அதுவரை அவர்தான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மே 17-ல் ஐம்பது, நூறு ச்யாட் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்த வருடங்களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் கப்பலேற்றினார்கள் என்று போனவர்கள் எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. சென்னை பர்மா பஜாரில் இன்று அத்தோ சாப்பிடுபவர்கள் அந்தக் கப்பல்களை ஒரு நிமிடம் நினைத்தால் எனக்கு நிறைவாக இருக்கும்.

1963-ல் அமைதிப் பேச்சு நடந்து முறிந்தது. 1968 ஜனவரி 1 அன்று சீன எல்லையில் மோங்கோ என்ற இடத்தில் ஒரு பெரும் கம்யூனிஸ்ட் படை உள்ளே வந்தது. அதை நடத்தி வந்தவர் யார் தெரியுமா? மாண்டலேயைப் பிடித்த அதே நவ் செங். 1950-லிருந்து சீனாவில் இருந்தவர். இந்தப் படையை ராணுவம் நிறுத்தியது சல்வீன் ஆற்றில் குன்லோங் பாலத்தருகே, 1971 கடைசியில். பர்மாக்காரர்கள் அதை நாற்பது நாள் சண்டை என்பார்கள். பாலம் போயிருந்தால் வடக்கு ஷானின் பெரிய நகரமான லாஷியோவுக்கு வழி திறந்திருக்கும்.

அதே காலத்தில் நாட்டின் நடுவே "நாலு வெட்டு" நடந்தது. கிளர்ச்சியாளருக்குப் போகும் சோறு, பணம், செய்தி, ஆள், இந்த நாலையும் வெட்டு என்பது கட்டளை. நடைமுறையில் வெட்டுப்பட்டது கிராமம். ஊரைக் கிளப்பி ராணுவ முகாம் பக்கத்தில் வேலிக்குள் வைப்பார்கள், அளந்துதான் அரிசி, வயலுக்குப் போக நேரம் குறித்துக் கொடுப்பார்கள். வரைபடத்தில் கிளர்ச்சிப் பகுதி கறுப்பு, நடுவாந்தரம் பழுப்பு, துடைத்தெடுத்தது வெள்ளை. 1975-ல் பெகு யோமா மலை வெள்ளையானது. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரும் செயலாளரும் அந்த மார்ச்சில் அங்கே கொல்லப்பட்டார்கள். அதோடு போர் சமவெளியை விட்டு எல்லைக்குப் போய்விட்டது. இங்கே நகரத்தில் இருந்தவர்களுக்குக் கரேன் கிராமம் எரிவது வானொலியில்கூட வராத செய்தி. ஒரு தலைமுறை பர்மாக்காரர்கள் போர் நடப்பதே தெரியாமல் வளர்ந்தார்கள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், அதை மறைக்க விரும்பவில்லை.

1988 ஆகஸ்ட் 8 பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ரங்கூன் தெருக்களில் மாணவர்கள், செப்டம்பர் 18-ல் மறுபடி ராணுவம், பிணங்கள். நான் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்த ஆறு மாதத்தை. ஆயிரக்கணக்கான பர்மிய மாணவர்கள் எல்லைக்கு ஓடி, கரேன், கச்சின் படைகளிடம் அடைக்கலமானார்கள். சமவெளியும் மலையும் கை கோத்த நேரம். நிறைய ஆயுதம் வைத்திருந்தது கம்யூனிஸ்ட் படைதான். அந்த ஆயுதம் இவர்களோடு சேர்ந்திருந்தால் கதை வேறு. ஆனால் 1989 மார்ச்சில் அந்தப் படையின் கொகாங் பிரிவும், ஏப்ரலில் வா பிரிவும் கட்சித் தலைமைக்கு எதிராகக் கலகம் செய்தன. வயதான பர்மியத் தலைவர்கள் சீனாவுக்குத் தப்பி ஓடினார்கள். உளவுத் தலைவர் கின் நியுன்ட் உடனே மலைக்குப் போய், உங்கள் பகுதி உங்களுக்கே, ஆயுதம் உங்களிடமே, எங்களைச் சுடாதீர்கள் என்று போர்நிறுத்தம் பேசினார். ஒரு குண்டு செலவில்லாமல் ராணுவத்தின் மிகப் பெரிய எதிரி காணாமல் போனான். 1990 தேர்தலில் 485 இடத்தில் 392-ஐ ஆங் சான் சூ கியின் கட்சி பிடித்தும் ஆட்சியைக் கொடுக்காமல் அவர்கள் உட்கார முடிந்ததற்கு இந்த வடக்கு அமைதி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மனேர்ப்ளா விழுந்ததும் அதே வழியில்தான். தாய்லாந்து எல்லையில் மோய் ஆற்றங்கரையில் கரேன்களின் தலைமையகம், மாணவர் படை, நாடு கடந்த அரசு எல்லாம் இருந்த இடம். பல வருடத் தாக்குதலில் விழாதது, 1994 டிசம்பரில் பௌத்த கரேன் சிப்பாய்கள் கிறிஸ்தவத் தலைமையோடு மனம் கசந்து பிரிந்து வழிகாட்டியதும், 1995 ஜனவரி 27-ல் விழுந்தது.

2008 அரசியல் சட்டம், 2011-ல் கச்சின் போர் மறுபடி வெடித்தது, 2015 அக்டோபரில் எட்டுக் குழுக்கள் மட்டும் கையெழுத்திட்ட போர்நிறுத்தம், இவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். 2017-ஐத் தாண்ட முடியாது. ஆகஸ்ட் 25-க்குப் பிறகு 7 லட்சத்துக்கு மேல் ரோஹிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அப்போது பர்மாக்காரர்களில் பெரும்பான்மை ராணுவத்தின் பக்கம் நின்றது. 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்கில் நாட்டின் சார்பாக ஆங் சான் சூ கியே போய் வாதாடினார். ரங்கூன் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அந்த மாதங்களில் குரலைத் தாழ்த்தியே பேசின. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று தெரியாத பயம்.

2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு அதே பர்மாக்காரர்களில் பலர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். நகரத்துத் தெருவில் சுடப்பட்ட பிறகுதான் கரேன்காரன் எழுபது வருடமாக என்ன சொன்னான் என்று புரிந்தது. ஏப்ரலில் ராணுவத்தை எதிர்த்தவர்களின் தேசிய ஒற்றுமை அரசு, மே 5-ல் அதன் மக்கள் பாதுகாப்புப் படை, செப்டம்பர் 7-ல் போர் அறிவிப்பு. சின் மலையில் மிந்தாட் ஊர்க்காரர்கள் "துமீ" எனும் நாட்டு வேட்டைத் துப்பாக்கியால் மூன்று வாரம் ராணுவத்தைத் தடுத்தார்கள். குழாய்க்குள் மருந்தை இடித்து நிரப்பி, ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஹெலிகாப்டருக்கு எதிராக.

பெரிய திருப்பம் 2023 அக்டோபர் 27. கொகாங், தாஆங், அரக்கான் என்று மூன்று படைகள் சேர்ந்து வடக்கு ஷானில் ஒரே நாளில் அடித்தன. அவர்களோடு சமவெளி இளைஞர்களும் சண்டையிட்டார்கள். இணையமோசடிக் கூடாரங்களால் எரிச்சலில் இருந்த சீனா அப்போது தடுக்கவில்லை. 2024 ஜனவரியில் கொகாங் தலைநகர் லாவ்காயில் ஆறு பிரிகேடியர் ஜெனரல்களோடு 2,389 ராணுவத்தினர் சரணடைந்தார்கள். ஆகஸ்டில் லாஷியோ, வடகிழக்குத் தலைமையகமே விழுந்தது. ராணுவத்துக்கு மொத்தம் பதினாலு மண்டலத் தலைமையகங்கள், அதுவரை ஒன்றுகூட விழுந்ததில்லை. டிசம்பரில் அரக்கானில் ஆன் நகரில் இரண்டாவதும் விழுந்தது.

பிறகு சீனா எல்லைக் கதவைச் சாத்தியது, மின்சாரம், எரிபொருள், மருந்து நின்றது. 2025 ஏப்ரலில் கொகாங் படை லாஷியோவைத் திருப்பிக் கொடுத்தது. அவர்களுக்கு வேண்டிய கொகாங் அவர்களிடம் இருந்தது, மாண்டலே அவர்கள் பிரச்சினை இல்லை. 1989-ஐப் பார்த்தவன் எனக்கு அந்தச் செய்தி வயிற்றைப் பிசைந்தது.

இங்குள்ள தமிழர் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். சமூகமாக எந்தப் பக்கமும் இல்லை, ஆனால் போர் எங்களை விட்டுவிடவில்லை. 2022 ஜூலையில் மணிப்பூரின் மோரேயிலிருந்து எல்லை தாண்டி பர்மா பக்கத்து ஊரான தமு வந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 10-ல், 2010-லிருந்து தூங்கிக்கொண்டிருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை எழுப்பினார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. எங்கள் வார்டில் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். என் தங்கை மகன் பெயர் மூன்றாவது மாதம் விழுந்தது. வீட்டில் அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் ஒரு பையோடு கரேன் பகுதி வழியாகத் தாய்லாந்துக்குப் போய்விட்டான். வழியில் ஒரு கரேன் கிராமத்தில் நாலு இரவு தங்க வைத்துச் சோறு போட்டார்களாம். அவனோடு போன பத்துப் பேரில் எட்டுப் பேர் பர்மாக்காரப் பையன்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவின் மாமனார் இன்சேனில் செத்தவர் என்று தொலைபேசியில் சொன்னான். எங்கள் தாத்தா அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தார் என்று இவன் சொன்னதும், அந்த அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாராம்.